ஏழாங்கிளாஸ் பெருந்தச்சர்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள்கிட்ட "பெரிய ஆளாகி என்னவாகப் போற?"ன்னு கேட்டுப் பாருங்க. டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், போலீஸ், டீச்சர்னு வரிசையா வரும். இப்ப புதுசா யூட்யூபரும் சேர்ந்திருக்கு. ஆர்க்கிடெக்ட் ஆகப் போறேன்னு ஒரு பிள்ளை சொல்லி இதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தா டாக்டரைப் பார்க்குறாங்க. டீச்சரை தினமும் பார்க்குறாங்க. போலீஸ் முக்குல நிக்கிறார். ஆர்க்கிடெக்டை எங்க போய்ப் பார்ப்பாங்க? நம்ம தெருவுல ஒரு வீடு எழும்பும்போது வர்றவங்க கொத்தனார், சித்தாள், மேஸ்திரி. எப்பவாவது பைக்ல ஒரு இன்ஜினியர் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவார். பார்க்காத வேலைக்கு யாரும் ஆசைப்பட மாட்டாங்க.

"நீ படிக்கிறது பி.காம். உனக்கும் கட்டடத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு என் கூடப் படிக்கிற நண்பர்கள் கேட்பாங்க. சம்பந்தம் இருக்கு. ஐந்து வருட பி.ஆர்க் படிப்புல சேரணும்னா பிளஸ் டூவுல கணிதம், இயற்பியல் ரெண்டும் படிச்சிருக்கணும். காமர்ஸ் குரூப்ல இயற்பியல் கிடையாது. அதாவது பத்தாவது ரிசல்ட் வந்து, குரூப் கேட்டு ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல வரிசையில நிக்கிற அந்த ஒரு நாள்லயே இந்தக் கதவு நிறையப் பேருக்கு மூடிடுது. அப்படி ஒரு கதவு இருந்ததே தெரியாம மூடிடுது. எனக்கு காமர்ஸ் பிடிச்சிருக்கு, சந்தோஷமா படிக்கிறேன், அது வேற கதை. பிடிச்சதை எடுக்கிறது வேற, தெரியாம ஒண்ணை விட்டுடறது வேற.

பத்தாவதுக்கு அப்புறம் கணிதத்தோட மூணு வருஷம் டிப்ளமோ படிச்சுட்டும் பி.ஆர்க் போகலாம். அந்தப் பக்கவாசலைப் பத்தித் தெரிஞ்சவங்க இன்னும் குறைவு.

ஆனா இந்தப் படிப்பைப் பத்திப் பேசுறவங்க எப்ப வந்து பேசுறாங்க? பெரும்பாலும் பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சப்புறம், ஏ.சி. போட்ட கல்யாண மண்டபத்துல, ஸ்டால் போட்டு, பை குடுத்து. கணக்கும் இயற்பியலும் எடுக்காத பிள்ளைக்கு அந்தப் பையால என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புல. என் கட்சி இதுதான்.

சரி, ஆர்க்கிடெக்ட்னா யாரு?

எங்க தெருவுல சாயங்காலம் நான் டியூஷன் எடுக்குறேன். ஆறுல இருந்து எட்டு வரைக்கும் பதினோரு பிள்ளைகள், மொட்டை மாடியில. அவங்ககிட்ட இதே கேள்வியைக் கேட்டேன். "மேஸ்திரிண்ணே"ன்னான் ஒருத்தன். "இல்லடா, வாஸ்து பார்க்குறவரு"ன்னான் இன்னொருத்தன்.

நான் சொன்ன விளக்கம் இது. ஒரு வீடு நிக்குமா விழுமான்னு கணக்குப் போடறவர் சிவில் இன்ஜினியர். கம்பி எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு, அஸ்திவாரம் எத்தனை அடின்னு அவர் சொல்வார். அந்த வீட்டுக்குள்ள மனுஷன் எப்படி இருக்கப் போறான்னு யோசிக்கிறவர் ஆர்க்கிடெக்ட். வெளிச்சம் எந்தப் பக்கம் வரணும், காத்து எப்படி உள்ள வந்து எப்படி வெளிய போகணும், பாட்டி ராத்திரி பாத்ரூம் போக எத்தனை படி ஏறணும், மழையில செருப்பை எங்க கழட்டணும். இதெல்லாம் அவர் வேலை. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் கட்டடம்.

நம்ம நாட்டுல 1972-ல ஆர்க்கிடெக்ட் சட்டம்னு ஒண்ணு வந்தது. அதன்படி கட்டடக்கலை கவுன்சில்ல பதிவு பண்ணவங்க மட்டும்தான் ஆர்க்கிடெக்ட்னு பேருக்கு முன்னாடி போட்டுக்கலாம். சேர்றதுக்கு 2006-ல இருந்து 'நாட்டா'ன்னு ஒரு தேர்வு நடக்குது. வரையிற திறமை, கவனிக்கிற திறமை, யோசிக்கிற திறமை மூணையும் பார்ப்பாங்க. ஜே.இ.இ. மெயின் தேர்வுலயும் இதுக்குன்னு தனித் தாள் உண்டு. திருச்சி என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி அரசு இடங்கள்லயே இந்தப் படிப்பு இருக்கு.

"இது வெள்ளைக்காரன் படிப்பாண்ணே?"ன்னு ஒரு குட்டிப் பையன் கேட்டான். அருமையான கேள்வி. ஆர்க்கிடெக்ட்ங்கிற சொல்லோட வேர் கிரேக்கம். தலைமை, தச்சன்னு ரெண்டு கிரேக்கச் சொல் சேர்ந்தது. இப்ப தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போவோம். 1010-ல முடிஞ்ச கோயில். அதைக் கட்டினவர் பேரு கல்வெட்டுலயே இருக்கு, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். தலைமைத் தச்சனும் பெருந்தச்சனும் ஒரே சொல்தான். கிரேக்கன் அவன் பாஷையில சொன்னதை நாம நம்ம பாஷையில சொல்லியிருக்கோம். ராஜா தன் பேரையே அவருக்குப் பட்டமா குடுத்திருக்கார்னா அந்த வேலைக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்னு பாருங்க.

அன்னியிலிருந்து எங்க மாடியில "பெருந்தச்சா, இங்க வாடா"ன்னுதான் ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட்டுக்கிறாங்க.

பாடம் எடுக்காதீங்க, டேப்பைக் குடுங்க

ஏழாங்கிளாஸ் பிள்ளைகிட்ட வேலைவாய்ப்பு, சம்பளம், கட் ஆஃப்னு பேச ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷத்துல கொட்டாவி விட்டுடும். அதனால நான் ஹார்ட்வேர் கடையில ஒரு அஞ்சு மீட்டர் டேப் வாங்கினேன். கையில ஒரு கட்டு கிராஃப் பேப்பர். மொத்த முதலீடு அவ்வளவுதான்.

முதல்ல "உங்க வீட்டை வரைங்க"ன்னேன். பதினோரு பேர்ல ஒன்பது பேர் முக்கோணக் கூரை, நடுவுல கதவு, ரெண்டு பக்கம் ஜன்னல், பின்னால ரெண்டு மலை, நடுவுல சூரியன், பக்கத்துல தென்னை மரம்னு வரைஞ்சாங்க. இது மதுரை. இந்தத் தெருவுல முக்கோணக் கூரை வீடு ஒண்ணு கூடக் கிடையாது. எல்லாம் மொட்டை மாடி. தான் தினமும் தூங்கி எழுந்திரிக்கிற வீட்டை அவங்க பார்த்ததே இல்லை. டிராயிங் புக்ல பார்த்த வீட்டைத்தான் வரையிறாங்க.

அப்புறம் டேப்பைக் குடுத்தேன். ஒரு கட்டம் ஒரு அடி. கூரையைத் தூக்கிட்டு பறவை மாதிரி மேலருந்து பார்த்தா எப்படித் தெரியும், அதை வரையணும். ஆரம்பத்துல கதவை மட்டும் எழுந்து நிக்கிற மாதிரியே போட்டாங்க. மூணாவது நாள் சரியாகிடுச்சு. இதுக்குப் பேருதான் பிளான். லட்ச லட்சமா கடன் வாங்கி வீடு கட்டற பெரியவங்கள்ல எத்தனை பேருக்கு இதைப் படிக்கத் தெரியும்? எங்க ஏழாங்கிளாஸுக்குத் தெரியும்.

அடுத்தது பேப்பர். ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல ஒரு ஏ4 தாளைப் பாலம் மாதிரி வெச்சா தன் எடையிலயே தொங்கிடும். அதே தாளை விசிறி மாதிரி மடிச்சு வெச்சா மேல ஜாமெட்ரி பாக்ஸையே தாங்குது. தாள் மாறலை, எடை மாறலை. வடிவம்தான் மாறுச்சு. "தகர ஷீட் ஏன் அலை அலையா இருக்கு?"ன்னு கேட்டேன். நாலு பேர் ஒரே நேரத்துல "அட!"ன்னாங்க. அந்த "அட"வுக்கு நான் அடிமை.

மூணாவது நிழல். மாடியில ஒரு குச்சியை நட்டு, ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் நிழல் முனையில சாக்பீஸ்ல புள்ளி வெச்சோம். சூரியன் கிழக்கே உதிச்சு நேரா தலைக்கு மேல வந்து மேற்கே போகுதுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. மதுரைக்கு ஏப்ரல் நடுவுல ஒரு நாள், ஆகஸ்ட் கடைசியில ஒரு நாள்தான் மத்தியான சூரியன் சரியா உச்சந்தலைக்கு வருது. ஜூன்ல வடக்கே சாயும், நிழல் தெற்கே விழும். டிசம்பர்ல தலைகீழ். எந்த ஜன்னலுக்கு எவ்வளவு நீளத்துல சன்ஷேட் போடணும்ங்கிறது இந்தச் சாக்பீஸ் புள்ளியிலதான் இருக்கு. மேற்குச் சுவரை ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இன்னும் சுடுதுண்ணே"ன்னாங்க. பகல் பூரா வாங்கின வெயிலைச் செங்கல் ராத்திரி வட்டியோட திருப்பிக் குடுக்குது. காமர்ஸ் உதாரணம் தானா வந்துடுச்சு, மன்னிக்கணும்.

ஊரையே பாடப்புத்தகமா வெச்சுக்கலாம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தி உள்ளுக்குள்ள ஆடி வீதி, வெளிய சித்திரை வீதி, அதுக்கு வெளிய ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி. பெட்டிக்குள்ள பெட்டி வெச்ச மாதிரி ஒரு ஊர். மாசக் கணக்கை வீதிக் கணக்கா வெச்சிருக்காங்க. தினம் அந்த வழியா பஸ்ல போற பிள்ளைகளுக்கு அதைத் தாள்ல வரைஞ்சு காட்டினப்பதான் தெரிஞ்சது, இது யாரோ யோசிச்சுப் போட்ட கோடுன்னு.

கொத்தனார் மகள்

அந்தப் பதினோரு பேர்ல ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு. அப்பா கொத்தனார். ஒரே அறை, ஓரத்துல சமையல்கட்டு, வாடகை வீடு. அவ வரைஞ்ச பிளான்ல கட்டில், டி.வி., அரிசி டிரம், தண்ணிக் குடம், தான் உட்கார்ந்து படிக்கிற வாசல்படி வரைக்கும் எல்லாம் இருந்தது. பக்கத்துலயே இன்னொரு பிளான். "இது என்ன?"ன்னேன்.

"கதவு சுவத்துக்கு நடுவுல இருக்குண்ணே. அதனால ரெண்டு பக்கமும் பாதிச் சுவர் வீணாப் போகுது. கதவை மூலைக்குத் தள்ளிட்டா இந்தச் சுவர் பூரா மிச்சம். எனக்கு ஒரு மேசை போடலாம்."

காசு செலவில்லை, இடம் கூடலை. ஒரு கதவை நகர்த்தி ஒரு படிக்கிற மேசைக்கு இடம் கண்டுபிடிச்சிருக்கா. அப்புறம் மெதுவா கேட்டா, "இதுக்குன்னு படிப்பு இருக்காண்ணே?"

மறுநாள் அவங்கப்பா வேலை முடிச்சு வரும்போது மாடிக்கு வந்தார். கைல சிமெண்ட் இன்னும் காயலை. மகளோட தாளை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். "மூலையை ஒட்டி நிலை வைக்கக் கூடாது பாப்பா. நாலரை அங்குலமாச்சும் விடணும், அப்பத்தான் கதவு முழுசாத் திறக்கும்"ன்னார். அவ உடனே ரப்பரை எடுத்து அழிச்சுத் திருத்தினா. எந்தப் புத்தகத்துலயும் தேடாம அந்த வீட்டுலயே கிடைச்ச பாடம் அது. அடுத்தவங்க பிளானை வெச்சு அடுத்தவங்க வீட்டைக் கட்டிக்கிட்டே இருக்கிற மனுஷன். பிளான் போடற நாற்காலியில தன் வீட்டு ஆள் உட்காரலாம்னு அவர்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

"படிக்க எவ்வளவு ஆகும் தம்பி?"ன்னு கேட்டார். உள்ளதைச் சொன்னேன். இன்ஜினியரிங் மாதிரி நாலு வருஷம் இல்லை, அஞ்சு வருஷம். ஃபீஸ் போக சார்ட், மாடல் செய்யற அட்டை, பிரிண்ட் அவுட்னு கைச்செலவு இருக்கும். அரசு இடத்துல கிடைச்சா பாரம் குறையும். முடிச்ச உடனே பெரிய சம்பளம் எதிர்பார்க்க முடியாது, அனுபவம் சேரச் சேரத்தான் வரும். எல்லாத்துக்கும் முன்னாடி, பதினொண்ணாவதுல கணக்கும் இயற்பியலும் எடுத்தாகணும். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதுக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல இருக்குல்ல"ன்னார். ஆமா, இருக்கு. ஏழு எட்டுலயே சொல்லணும்ங்கிறதுக்குக் காரணம் அந்த ரெண்டு வருஷம்தான்.

எங்கயோ ஒரு கிராமத்துல

அவங்களுக்கு நான் சொன்ன கதைகள்ல ரொம்பப் பிடிச்சது ஃப்ரான்சிஸ் கேரேயோடது. மேற்கு ஆப்பிரிக்காவுல புர்கினா பாசோன்னு ஒரு நாடு. அங்க கான்டோங்கிற கிராமத்துல 1965-ல பிறந்தவர். ஊர்ல பள்ளிக்கூடமே இல்லாததால ஏழு வயசுல வீட்டை விட்டு வேற ஊருக்குப் போய்ப் படிச்சார். வகுப்பறை இருட்டு, வெக்கை, ஒரே அறையில கூட்டம் கூட்டமா பிள்ளைகள். பிற்பாடு தச்சு வேலை கத்துக்க உதவித்தொகை கிடைச்சு ஜெர்மனி போனார். அங்கயே கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார். படிச்சுக்கிட்டு இருக்கும்போதே பணம் திரட்டி, தன் கிராமத்து ஜனங்களோட சேர்ந்து ஒரு தொடக்கப்பள்ளி கட்டினார். 2001-ல முடிஞ்சது. மண் கல்லுல சுவர். தகரக் கூரையை சீலிங்கை விட்டு உயரத் தூக்கி வெச்சிருந்தார். சூடான காத்து மேல போய் அந்த இடைவெளி வழியா வெளிய போயிடும். ஃபேன் இல்லாத வகுப்பறை குளிர்ந்தது. 2022-ல கட்டடக்கலையோட மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைச்சது. ஒரு ஆப்பிரிக்கருக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

நம்ம நாட்டுக்கு அந்த விருது 2018-லயே வந்துடுச்சு, பி.வி. தோஷிக்கு. 1927-ல புனேயில மரச்சாமான் செய்யற குடும்பத்துல பிறந்தவர். பாருங்க, இங்கயும் தச்சு வேலை.

பக்கத்துல கேரளாவுல லாரி பேக்கர். இங்கிலாந்துல பிறந்து 1945-ல இந்தியா வந்து, 2007-ல திருவனந்தபுரத்துல இறந்தார். செங்கல்லைப் படுக்க வைக்காம குத்துவாட்டா நிறுத்தி, நடுவுல காலி இடம் விட்டு சுவர் கட்டற முறையைப் பரப்பினார். செங்கல் கால்வாசி மிச்சம், உள்ள இருக்கிற காத்து வெயிலையும் தடுக்கும். ஏழைக்கு வீடு கட்டறதும் இந்த வேலைதான்னு சொல்ல அவரை விட நல்ல உதாரணம் கிடையாது.

இதை விளையாட்டுன்னு நினைக்காதீங்க

2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் நெருப்பு கீற்றுக் கூரையில பத்தி, 94 பிள்ளைகள் செத்துப்போனாங்க. எரியிற கூரை, குறுகலான படிக்கட்டு, ஓட வழியில்லை. நெருப்பு ஒரு காரணம். வழி இல்லாத கட்டடம் இன்னொரு காரணம்.

நான் பிள்ளைகளைப் பயமுறுத்தலை. "உங்க கிளாஸ்ல எத்தனை கதவு? அது எந்தப் பக்கமாத் திறக்குது? மாடியில எத்தனை கிளாஸ், கீழ வர எத்தனை படிக்கட்டு?"ன்னு மட்டும் கேட்டேன். கூட்டம் இருக்கிற இடத்துல கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்பக்கமாத் திறந்தா முண்டியடிக்கிற கூட்டமே அதை மூடிடும். இது தெரிஞ்ச பிள்ளை ஆர்க்கிடெக்ட் ஆகாட்டியும் பரவாயில்லை. கல்யாண மண்டபம் கட்டலாம், தியேட்டர் கட்டலாம், கவுன்சிலர் ஆகலாம். எங்க போனாலும் கதவை ஒரு தடவை பார்க்கும்.

கடைசியா ஒரு கணக்கு

காமர்ஸ்காரன் கணக்கு இல்லாம முடிச்சா நல்லா இருக்காது. ஒரு வீட்டுல தேவையில்லாம மூணடி அகலம், பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு நடை விழுந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். 36 சதுர அடி. கட்டுற செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய்னு போட்டா 90,000 ரூபாய். யாரும் உட்காராத, படுக்காத, சும்மா நடந்து போற இடத்துக்கு. அதைத் தாள்ல அழிக்க அஞ்சு ரூபாய் ரப்பர் போதும். கட்டினப்புறம் அழிக்க கடப்பாரை வேணும். ஆர்க்கிடெக்ட்னா பணக்காரங்களுக்குத்தான்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. என் கணக்குப்படி 36 சதுர அடியை வீணாக்க வசதியில்லாதவங்களுக்குத்தான் அவர் அதிகம் தேவை.

அதனால நண்பர்களே, நம்ம எல்லார் வீட்டுப் பக்கத்துலயும் ஒரு ஏழாங்கிளாஸ் இருக்கும். தம்பியோ, தங்கச்சியோ, மாமா பொண்ணோ. இந்த லீவுல அதுகிட்ட ஒரு டேப்பையும் கிராஃப் நோட்டையும் குடுத்து வீட்டை அளக்கச் சொல்லுங்க. "உன் இஷ்டத்துக்கு ஒரு சுவரை நகர்த்தலாம்னா எதை நகர்த்துவே?"ன்னு கேளுங்க. பதில் சுவாரசியமா வந்தா பிளஸ் ஒன், கணக்கு, இயற்பியல், நாட்டா எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அவங்கம்மா கையில குடுத்துடுங்க. பீரோவுல பத்திரமா இருக்கும். வேணும்ங்கிற அன்னிக்கு எடுத்துக்கட்டும்.

எங்க மாடியில இந்த வார வேலை, கோழிக் கூண்டு. காத்து வரணும், பூனை வரக் கூடாது, முந்நூறு ரூபாய்க்குள்ள முடியணும். பெருந்தச்சர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. யாரு பிளான் ஜெயிச்சதுன்னு அப்புறம் சொல்றேன்.